இடக்கைப் பக்கம்

குணசுந்தரி கரையிலேயே பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டுவிடுவாள். மற்றப் பெண்கள் தண்ணீர் இடுப்பைத் தொடும்வரை பேசிக்கொண்டே போவார்கள். சேற்றைத் தடவ இரண்டு கையும் வேண்டும். பிடித்த இறாலைப் போட ஓலைப்பறி மோவாய்க்குக் கீழே தொங்க வேண்டும். வேலை தொடங்கினால் எல்லார் வாயும் அடைபட்டுவிடும். இவளுக்கு மட்டும் கொஞ்சம் முன்பே. கயிறு வாயில் இருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கேட்பது ஒன்றுதான்.

"இன்னா மே, இன்னிக்கும் பொண்ணு வரலியா?"

பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவிப் பிடிக்கிறவர்கள் வரிசையாக நகர்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் இடக்கைப் பக்கம் அவள் மகள். குணசுந்தரியின் இடக்கைப் பக்கம் வெறும் தண்ணீர். மகள் கன்னியம்மா பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். மூன்றாம் வகுப்பில், மூன்றாவது வருஷமாக.

அந்தப் பெண் வாய் திறந்தால் ஓயாது. கூத்து ஒருமுறை பார்த்தால் போதும், மறுநாள் அத்தனை வேஷத்தையும் பேசிக் காட்டுவாள். எழுத்துதான் நிற்பதில்லை. "நேத்து பாத்த எழுத்து இன்னிக்கு வேற ஆளு மாதிரி கீதும்மா" என்பாள். வாத்தியார் பொன்னுரங்கம் கெட்டவரல்ல. "அடிச்சும் பாத்துட்டேன், கொஞ்சியும் பாத்துட்டேன். ஏரிக்கே இட்டுனு போயேன். நல்ல கை அவளுக்கு" என்றார்.

குணசுந்தரிக்கு அந்தக் கடைசிப் பேச்சுதான் உறைத்தது. கை நல்ல கை என்று அவளுக்கும் தெரியும்.

இறால் வாங்கும் மரியம் பீவி சொல்லி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கண் பார்த்தார்கள், காது பார்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா கன்னியம்மாவை நெடுநேரம் பேசவிட்டுக் கேட்டாள்.

"அறிவுல ஒரு குறையும் இல்ல. எழுத்து மட்டும் இவளுக்கு வேற மாதிரி சொல்லித் தரணும். இதுக்கு ஒரு பேர் இருக்கு. புதன்கிழமைதோறும் கூட்டிட்டு வாங்க. பள்ளிக்கூடத்த மட்டும் நிறுத்திடாதீங்க. நின்னுட்டா திரும்பப் போகமாட்டா."

ஊருக்கு வந்த சந்தோஷத்தில் குணசுந்தரி ஒரு தவறு செய்தாள். "அதுக்குப் பேர் கீதாம்" என்று கரையில் நின்று சொல்லிவிட்டாள். பேர் இருந்தால் நோய் என்று ஊர் எடுத்துக்கொண்டது. நோய் என்றால் தொற்றும். கன்னியம்மாவோடு விளையாட வந்த பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். புதன்கிழமை படகில் தாயும் மகளும் உட்கார்ந்த பலகையில் வேறு யாரும் உட்காருவதில்லை. புருஷன் நாகப்பன்கூட, "ஊரு சிரிக்குது" என்றான். துறைவரை வந்து வழியனுப்புவதையும் நிறுத்திவிட்டான்.

வரிசையில் சந்து விழுந்தால் அதன் வழியே இறால் நழுவிவிடும். அது எல்லாருக்கும் நஷ்டம். பக்கத்து இடத்து வசந்தா ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னாள்: "பொண்ண எறக்கு. இல்லாங்காட்டி அந்த எடத்த வுடு. எங்கக்கா பொண்ணு சும்மாதான் கீது."

குணசுந்தரி கயிற்றை எடுக்காமலே இடப்பக்கம் நகர்ந்து, அங்கேயும் தடவிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். அன்றுமுதல் அப்படித்தான். இரண்டு ஆள் அகலத்தை ஒருத்தி தடவுகிறாள். மற்றவர்கள் ஒரு எட்டு வைத்தால் இவள் மூன்று. சாயங்காலம் முழங்கை மடங்காது. எழுத்து ஏறாவிட்டால் மகளுக்கு இந்த இடமாவது இருக்க வேண்டும். இருக்கிறதே என்று இப்போதே இறக்கிவிடவும் கூடாது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை.

சென்ற வாரம் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது கன்னியம்மா கரையில் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்துப் பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தாள். எங்கிருந்தோ ஒரு பழைய பறியை எடுத்து, கயிற்றைப் பல்லில் கடித்திருந்தாள். கண் அழுது வீங்கியிருந்தது.

"தோ, அதுவே வந்துச்சு பாரு" என்றாள் வசந்தா. அவள் குரலில் கேலி இல்லை. வரிசை காத்து நின்றது.

குணசுந்தரி தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். மகளின் முகத்தை ஈரக்கையால் துடைத்தாள். செருகியிருந்த பாவாடையை இறக்கிவிட்டு, தோளைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திருப்பினாள். பிறகு மகள் வாயிலிருந்த கயிற்றை மெல்ல எடுத்து, தன் பறியின் கயிற்றோடு சேர்த்துக் கடித்துக்கொண்டு, இரண்டு பறிகளும் மார்பில் ஆட, தண்ணீருக்குள் இறங்கினாள்.