கால் பாவாத சவாரி

சாலைக்குச் சரளை அளந்து வாங்குவது அப்போது என் வேலை. மார்க்கையன்கோட்டையில் தங்கியிருந்தேன். குவியலின் நீளம், அகலம், உயரம் பார்ப்பேன்; கல் பெரிதாக இருந்தால் மறுபடி உடைக்கச் சொல்வேன். குவியலுக்குக் குவியல் நடந்து கால் ஓய்ந்திருந்த எனக்கு, சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் தம் சைக்கிளை விட்டுப்போனார். காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம். அந்தப் பக்கத்தில் அப்படி இன்னொன்றை நான் பார்த்ததில்லை. வாரந்தோறும் சங்கிலிக்கு விளக்கெண்ணெய் விட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, சுவரோரம் சாக்கின்மேல் நிறுத்துவேன்.

மலைமேல் அணை வேலை நடந்த காலம் அது. சுண்ணாம்பும் அரிசியும் ஏற்றிய வண்டிகளுக்கு நடுவில் சைக்கிளுக்கு வழி கிடைப்பதே அரிது. அந்தப் பங்குனியில் வாந்திபேதி பரவியது. வண்டிக்காரர்கள் வேலையை விட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாக வந்தவன் என் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னான்:

"சுருளிப்பட்டியில உங்க மாமனார் தெருவுலயும் பேதி விழுந்திருச்சுய்யா. எந்த வீடுன்னு தெரியல. ஆத்தாளுக்குக் காப்புக் கட்டி எல்லையை அடைச்சுட்டாக."

என் மனைவி அறுப்புக்காகப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன்.

சாலை முழுவதும் எனக்கே இருந்தது. நான் அளந்து வாங்கிய சரளை, விரிக்க ஆளில்லாமல் புளியமரங்களுக்கு அடியில் கிடந்தது. ஓரிடத்தில் மாடில்லாத வண்டி ஒன்று நுகத்தை மண்ணில் ஊன்றிக் குனிந்து நின்றது. மூட்டை கிழிந்து அரிசி சிந்தியிருந்தது; ஒரு காக்கைகூட வரவில்லை. இருபுறமும் மலை தெளிவாகத் தெரிந்தது, ஆனால் காற்றில்லை. உத்தமபாளையம் தாண்டிய பிறகு, எனக்குப் பின்னால் இன்னொரு சக்கரம் பழைய சரளையை நெரித்துக்கொண்டு வருவதுபோல் கேட்டது. நின்றேன். அதுவும் நின்றது. மிதித்தேன். அதுவும் வந்தது. ஓரத்துக் கற்சுவரில் பட்டுத் திரும்பும் என் சக்கரத்தின் ஒலிதான் என்று முடிவு செய்தேன். சுவர் முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் கேட்டது.

சுருளிப்பட்டி எல்லையில் சாலைக்கு மேலே வேப்பிலைத் தோரணம், கீழே குறுக்காக ஒரு சாம்பல் கோடு. பக்கத்தில் ஓலைக் குடிசை போட்டு இரண்டு பேர் காவல் இருந்தார்கள். ஒருவர் என் மாமனாரின் தம்பி. பெரிய மீசை, குறைந்த பேச்சு. மற்றவர் கொத்தனார், எனக்கு மைத்துனர் முறை.

"அங்கனயே நில்லுங்க மாப்ளே," என்றார் சின்ன மாமனார்.

"மாட்டை எங்கன கட்டிப்போட்டுட்டு வண்டியை மட்டும் ஓட்டியாறீக மச்சான்?" என்றார் கொத்தனார்.

"மாடு நான்தான். வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காக? அதை மட்டும் சொல்லுங்க."



"யாரு படுத்திருக்காகன்னு சொல்லக் கூடாது மாப்ளே. சொன்னா ஆத்தா திரும்பிப் பாப்பா," என்றார் சின்ன மாமனார்.

"யாருன்னு வேண்டாம். அவ நல்லா இருக்காளா?"

"காவலுக்கு வந்ததுல இருந்து நாங்க ஊருக்குள்ள போகல. கஞ்சியத் தூரத்துல வச்சுட்டுப் போறாக. தெரியாததை எப்படிச் சொல்றது?"

"அப்ப என்னை உள்ள விடுங்க."

"போங்க. ஆனா உங்க காலு ஊரு மண்ணுல பட்டா காப்புக் கட்டிருவோம். ஆத்தா கோயில் கொடி இறங்குற மட்டும் வெளிய போக முடியாது. உள்ள பேதி. யோசிச்சுக்கங்க."

கொத்தனார் சைக்கிளைச் சுற்றி வந்து, மிதியடியைக் கையால் சுழற்றிப் பார்த்தார்.

"ஏன் சித்தப்பு, இதுல போனா இவுக காலு மண்ணுல எங்க படுது?"

"ஏலே, வக்கீல் வேலை பாக்காத."

"நெசமாத்தான். காலே படலைன்னா ஊருக்குள்ள வந்ததா எப்படி ஆகும்? குருவி பறந்து போகுது. அதைப் பிடிச்சுக் காப்பா கட்டுறோம்?"

சின்ன மாமனார் மீசையைத் தடவினார். "இந்த எல்லையில ஏறி, சுத்தி வந்து இதே எல்லையிலதான் இறங்கணும். நடுவுல காலை ஊனுனீக, அம்புட்டுத்தான்."

"விழுந்துட்டா?"

"விழுந்தா முழு உடம்பும் படும்ல," என்றார் கொத்தனார். "ரெண்டு காப்பாக் கட்டிருவோம்."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சைக்கிளில் ஏறிச் சாம்பல் கோட்டைக் கடந்தேன்.

தெருவில் மஞ்சள்நீர் தெளித்திருந்தது. நாய் இல்லை, கோழி இல்லை. வண்டி என்றால் மாட்டுச் சலங்கை கேட்க வேண்டும், குளம்பு கேட்க வேண்டும். அங்கே கேட்டதெல்லாம் என் சக்கரம் மண்ணை நெரிக்கும் ஒலி ஒன்றுதான். நான் போகப் போக எனக்கு முன்னால் கதவுகள் சாத்திக்கொண்டன. ஒருவரும் கத்தவில்லை. தாழ்ப்பாள் விழும் ஓசை மட்டும் வீட்டுக்கு வீடு எனக்கு முன்னே ஓடியது. மாமனார் வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது.

"அத்தை!" என்று கூப்பிட்டேன். சைக்கிள் கடந்துவிட்டது.

கோயில் திடலில் காலை ஊன்றாமல் அகலமாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பினேன். இந்த முறை விழாத அளவுக்கு எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக மிதித்தேன். கதவை நெருங்கும்போது உள்ளே அத்தையின் குரல் அடங்கிக் கேட்டது:

"திறந்துராத. கதவுச் சந்து வழியாக் கீழ பாத்தேன். காலு மண்ணுல பாவல. நம்ம மாப்ளை குரல்ல கூப்பிடுது."

பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஊருக்குள் போக எனக்குக் கிடைத்த அனுமதியே என்னைப் பேயாக்கியிருந்தது. எத்தனை முறை சுற்றினாலும் அந்தக் கதவு திறக்காது. உள்ளே அத்தை யாரிடமோ பேசுகிறாள். அது என் மனைவியா, மாமனாரா? எதிரே சாம்பல் கோடு தெரிந்தது. அதைத் தாண்டினால் ஒன்றும் தெரியாமல் மார்க்கையன்கோட்டைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பிரேக்கைப் பிடித்தேன். வலது காலை ஊன்றினேன். பிறகு இடது கால். மண் சுட்டது.

சைக்கிளைத் தெருவிலேயே கிடத்திவிட்டுக் கதவின் முன்னால் போய் நின்றேன். "அத்தை, நான்தான்."

பிறகு கதவின் அடிச்சந்தில் நிழல் விழுந்தது. யாரோ தரையோடு படுத்துப் பார்க்கிறார்கள். சந்து வழியாக நாலு விரல்கள் வெளியே வந்தன. ஈரமாக, தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். யாருடையவை என்று தெரியவில்லை. அவை மண்ணைத் தடவித் தடவி வந்து என் கட்டைவிரலைத் தொட்டு, அழுத்திப் பிடித்தன. நான் அசையவில்லை.

"சுடுதும்மா," என்றது என் மனைவியின் குரல். "மனுசக் காலுதான்."

தாழ்ப்பாள் விலகியது. அவள் முதலில் என் பாதங்களைத்தான் பார்த்தாள், பிறகுதான் முகத்தை. கையில் நனைத்த துணி இருந்தது. அவளுக்குப் பின்னால், பாயில், மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வை லேசாக ஏறி இறங்கியது.

தெருவில் காலடிகள் வந்து எனக்குப் பின்னால் நின்றன. சின்ன மாமனாரின் கையில் மஞ்சள் கயிறு இருந்தது.

"கையை நீட்டுங்க மாப்ளே," என்றார்.

நீட்டினேன்.