கதவுக்காரர் தட்டினார்

கார் ஷெட்டுகளுக்குக் கதவு மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அவர் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் கதவுக்காரர். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போன பிறகு, மாடிக்குத் தூக்கிப் போக ஆளில்லாமல், சொந்த வீட்டுக் கார் ஷெட்டிலேயே கட்டில் போட்டு அவரைக் கிடத்தினார்கள். காரை விற்றாயிற்று. ஜன்னல் இல்லாத அறை. காற்று வேண்டுமென்றால் அந்தப் பெரிய கதவைத்தான் தூக்க வேண்டும்.

மனைவி கெட்டிக்காரி. புண் வராமல் புரட்டிப் போடக் கற்றுக்கொண்டாள். கட்டில் கம்பியில் இடக்கையால் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர், இரண்டென்றால் மூத்திரப் பாட்டில், மூன்றென்றால் புரட்ட வேண்டும் என்று அவரைப் பழக்கியும் வைத்தாள். படுத்திருப்பவருக்கு இதற்கு மேல் சொல்ல ஏதாவது இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று காலை அவள் சுவிட்சைப் போட்டதும் கதவு பாதி ஏறி, ஒரு பக்கம் தொங்கி, கோணிக்கொண்டு நின்றது. படுத்தபடியே அவர் பார்த்தார். கதவைத் தாங்கும் கம்பி வடம் ஒரு பக்கம் அறுந்திருந்தது. ரோலர் தான் ஓடும் இரும்புச் சட்டத்தை விட்டு வெளியே வந்திருந்தது. எடை முழுவதையும் மேலே இருந்த மோட்டார் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் தன் தம்பியைக் கூப்பிட்டாள். தையல்காரன், வாய் ஓயாதவன்.

“ஊர்க் கதவையெல்லாம் சரி பண்ணின மாமாவுக்கு வீட்டுக் கதவைப் பாக்கத்தான் நேரமே கெடைக்கல.”

“உனக்கு இது தெரியுமாடா? ஆளக் கூப்பிடலாமே.”

“ஒரு சக்கரம் வெளிய வந்திருக்கு, உள்ள தள்ளணும். இதுக்கு ஒரு ஆளா?”

ஸ்டூலில் ஏறி, ரோலருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல்களை விட்டான். “மோட்டார் இறுக்கிப் பிடிச்சிருக்கு. அக்கா, மோட்டார்லேருந்து தொங்குதே, அந்தச் செவப்புக் கயித்த இழு, விட்டுடும்.”

மோட்டார் விட்டுவிடும், உண்மைதான். பிடியில்லாத கதவு அப்புறம் கல்லாக இறங்கும். வடம் அறுந்தால் கயிற்றைத் தொடாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லி அலுத்தவர் அவர். கம்பியைத் தட்டினார். விடாமல் தட்டினார்.

மனைவி பாட்டிலோடு வந்தாள். தலையை ஆட்டினார்.

“வேண்டாம்னா எதுக்குங்க தட்டுறீங்க?”

டம்ளரை நீட்டினாள். கையால் தள்ளிவிட்டார். தண்ணீர் போர்வையில் கொட்டியது.

“பாருடா, வேலை இருக்கற நேரத்துலதான் இவருக்குக் கோவம் வரும்.”

“நான் தொழிலுக்குப் போட்டியா வந்துட்டேன்னு மாமாவுக்கு வயித்தெரிச்சல். நீ இழுக்கா.”

அவர் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் கிளம்பியது. அதற்குள் அவள் போய்க் கயிற்றை இழுத்துவிட்டாள்.

கதவு இறங்கியது. அறை இருண்டது. மச்சினன் அலறியது அவருக்குக் கேட்டது, பார்க்க முடியவில்லை.

மருத்துவமனையிலிருந்து அவள் வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டுக்குள்ளிருந்து வரும் சின்னக் கதவு வழியே வந்து விளக்கைப் போட்டாள். காலையில் நனைந்த போர்வையிலேயே, மூத்திரத்தோடு, அவர் கிடந்தார். வெந்நீர் கொண்டு வந்து துடைத்து, விரிப்பை மாற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். இடுப்புக்குக் கீழே தோல் உரிந்திருந்தது.

“மூணு வெரல எடுத்துட்டாங்க. இனிமே கத்திரி பிடிக்க முடியாதாம்.”

பஞ்சை மருந்தில் தோய்த்துப் புண்ணில் ஒற்றினாள்.

“இழுக்காதேன்னுதான் தட்டுனீங்களா?”

ஆமென்று தலையசைத்தார்.

பஞ்சை வாளியில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிய்த்தாள்.

“இது தம்பிக்குத் தெரிய வேண்டாங்க” என்றாள், அவர் போய்ச் சொல்லிவிடுவார் என்பதுபோல.