அரக்கு வைத்த மூடி

ஒரு நேர்மையான மனிதரை ஊரறியத் திருடன் என்றவன் நான். சென்ற வாரம் சாலையில் ஒரு வேன் இருமி இருமி நின்றது. டிரைவரை முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. எழுதிவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் காலம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன். என்னிடம் ஒரு பழைய சின்ன லாரி. நசரத்பேட்டைக் கத்தரிக்காயைப் பட்டணத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும். ஓட்டியவர் முனுசாமி.

பெட்ரோல் களவு அப்போது ரொம்ப சகஜம். நான் படித்தவன் அல்லவா? டாங்க் மூடியைச் சுற்றி அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தேன். அப்படி ஒரு பெருமை எனக்கு!

அந்த வாரமே வண்டிக்கு வியாதி வந்தது. சில மைல் ஓடும்... குலுங்கும், இருமும், நின்றுவிடும். சற்றுப் பொறுத்தால் மறுபடி ஓடும். பிளக்கை மாற்றினோம். கார்புரேட்டரைக் கழுவினோம். பட்டறையில் நிறுத்திவைத்து ஓட்டினால் ஒரு குறையும் இல்லை!

ஒருநாள் வண்டி வழியில் நின்று நின்று, காய் வாடித் திரும்பியது. மூடியில் அரக்கு உடைந்திருந்தது.

"எண்ணெ கீதான்னு பாக்கத் தொறந்தேன் மொதலாளி. தொறந்தா ஓடுது, மூடினா நிக்குது. நான் இன்னா பண்றது?"

"கதை நல்லா இருக்கு. எத்தனை நாளா விக்கிறே?"

பூந்தமல்லி லாரி ஸ்டாண்டில், எல்லோர் முன்னாலும் கத்தினேன். அதன்பின் அங்கே ஒருவரும் அவருக்கு ஸ்டியரிங் கொடுக்கவில்லை.

வண்டியை நானே ஓட்டினேன். முத்திரையும் நானே வைத்தேன். வழியில் நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்தேன் — உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. உடனே ஓடியது! மூடியில் காற்றுக்காக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதை என் அரக்கு அடைத்திருந்தது. காற்று போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்?

முனுசாமி சொன்னது அத்தனையும் நிஜம்.

அதே ஸ்டாண்டில் போய்ச் சொன்னேன். மாணிக்கம் என்ற லாரிக்காரர் சிரித்தார்: "இன்னா நைனா, திருடனுக்கு நீயே வக்கீலா?"

திருடன் என்றபோது ஒருவரும் அத்தாட்சி கேட்கவில்லை. இல்லை என்றபோது மட்டும் ஏன் எல்லோரும் கேட்கிறார்கள்?

மூடிக்கு அரக்கு வைத்து, மாணிக்கத்தையும் ஏற்றிக்கொண்டு ஆவடிப் பக்கம் போனேன். வண்டி நின்றது. அவர் கையாலேயே மூடியைத் திறக்கச் சொன்னேன். உஸ்...

"அடப்பாவி! இத்தினியூண்டு ஓட்டைக்கா ஒருத்தன் பொழப்ப கெடுத்தே?"

முனுசாமி அண்ணனூர்ப் பக்கம் செங்கல் சுமந்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வரச் சொன்னேன்.

"வோணாம் மொதலாளி. அந்த மூடியப் பாக்கறப்பல்லாம் உன் மூஞ்சிதான் நெனப்பு வரும்."

மாணிக்கத்தின் லாரியை ஓட்டப் போனார். அதன்பின் ஸ்டாண்டில் என்னைக் கண்டபோதெல்லாம் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டுவார்.

"மொதலாளி! இன்னிக்கு அரக்கு வெச்சியா?"

ஸ்டாண்டே சிரிக்கும். சிரிக்கட்டுமே — அவரைத் திருடன் என்று நான் கத்தியதும் அதே இடத்தில்தான்.