சோதனை முடியும்வரை காத்திருந்த கடிதம்

சட்டத்தரணிகளுக்கு உதவியாளராக வேலை செய்வதற்கான பட்டப்படிப்பில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஜெர்மனியில், எங்கள் கெல்சென்கிர்ச்சன் நகரத்துத் தமிழருக்கெல்லாம் அது ஒரே கிழமையில் தெரிந்துவிட்டது. கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் ஏதாவது அலுவலகக் கடிதத்தோடு என்னை மறிப்பார்.

ஒரு ஞாயிறு, அவ்வளவு பழக்கமில்லாத ஒரு அக்கா வந்தா. கணவருக்குப் பராமரிப்பு உதவி கேட்டு அவ போட்ட அன்ட்ராக்கை, அதாவது விண்ணப்பத்தை, நிராகரித்திருந்தார்கள்.

"நான் ஆலோசனை சொல்ல ஏலாது அக்கா. சட்டத்தரணி இல்லாதவை சொல்லச் சட்டம் விடாது."

"அப்ப என்னத்துக்குப் படிக்கிறியள்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அந்த முடிவுக்கு மறுப்புத் தெரிவிக்க ஒரு மாதத் தவணை. அதில் நாலு நாள்தான் மிச்சம்.

"இவ்வளவு நாளும் ஏன் வைச்சிருந்தனீங்கள்?"

"உங்களுக்குச் சோதனை எண்டு சொன்னவை. குழப்பக்கூடாதெண்டு இருந்தனான்."

அதற்கு மேல் எப்படிக் கத்துவது? திங்கட்கிழமை வகுப்பை விட்டுவிட்டு அவவை இலவச ஆலோசனை நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெண் பத்து நிமிடத்தில் மறுப்பை எழுதி அனுப்பினா. பிறகு உதவியும் கிடைத்தது. ஆனால் அன்று திரும்பும்போது, ட்ராமில் என் தோளில் சாய்ந்து அந்த அக்கா நிம்மதியாக நித்திரைகொள்ள, நான் இன்னும் கோபம் ஆறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.