எந்த வாரத்துச் சாப்பாடு

ஒரு வாரமாகத் தனபாக்கியம் மகளுக்குச் சோற்றோடு பாடத்தையும் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை. ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்கு முன் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்களாம். போன வருஷம் பக்கத்து குவார்ட்டர்ஸ் பையனிடம் எந்த வேளைக்கு என்ன சாப்பிடுவாய் என்றுதான் கேட்டார்களாம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஏக்கம் தனபாக்கியத்தின் நெஞ்சில் இன்னும் முள்ளாய்க் கிடந்தது. மகளுக்கு இடம் கிடைக்காவிட்டால் ஊர் யாரைக் குறை சொன்னாலும் அவள் தன்னைத்தான் நொந்துகொள்வாள்.

ஆனால் மகள் கண்ணகி ஒரு கேள்வி கேட்காமல் ஒரு வாய் வாங்கமாட்டாள். நிலக்கரி மைன்ஸில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போகிற அப்பா சோமசுந்தரம், நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து குளித்துவிட்டுக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிடுகிறாரே, அது காலைச் சாப்பாடா, ராத்திரிச் சாப்பாடா? அப்பா வயிற்றுக்கு மணி எப்படித் தெரியும்? இட்லியை மத்தியானம் தின்றால் என்ன ஆகும்?

"சொல்லிக் குடுத்ததை மட்டும் சொல்லு, தாயி" என்று தனபாக்கியம் கெஞ்சினாள்.

பள்ளிக்கூடத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட டீச்சர் கேட்டது அதே கேள்விதான். தனபாக்கியத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"காலையில என்ன சாப்பிடுவே?"

கண்ணகி யோசித்தாள். "எந்த வாரம், டீச்சர்?"

டீச்சரின் பேனா நின்றது. கண்ணகி நிதானமாக விளக்கினாள். நைட் ஷிப்ட் வாரமென்றால் அப்பாவோடு உட்கார்ந்து சோறு. மற்ற வாரங்களில் இட்லி. செகண்ட் ஷிப்ட் வாரத்தில், அப்பா ராத்திரி நேரங்கழித்து வருகிறபோது விழித்துக்கொண்டால் இரண்டாம் தடவையும் தோசை உண்டு. தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

டீச்சர் விடவில்லை. "அம்மா எப்போ சாப்பிடுவாங்க?"

கண்ணகி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"அது தெரியல, டீச்சர். நான் பாத்ததே இல்ல."

டீச்சர் தனபாக்கியத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு சேர்க்கைப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அதைப் பாத்து வச்சுக்கோ. ஜூன்ல கிளாஸுக்கு வர்றப்போ எனக்குச் சொல்லணும்."

மகளைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது தனபாக்கியத்துக்கு உறைக்க வெளிக்கேட்டு வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது.

மத்தியானம் மகளுக்குப் பரிமாறினாள். கண்ணகி சோற்றைத் தொடவில்லை. எழுந்து போய் இன்னொரு தட்டை எடுத்துவந்து எதிரே வைத்தாள்.

"உக்காரும்மா. நான் பாக்கணும்."

மிஞ்சினதை அடுப்படியில் நின்றபடியே சட்டியிலிருந்து வழித்துத் தின்று பழகியவள் தனபாக்கியம். தட்டின் முன் உட்காரவே கூச்சமாக இருந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். கண்கள் நிறைந்து வழிந்தன.

கண்ணகி குனிந்து அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"காரமாம்மா?"