யாரும் கூப்பிடாத பெரட்டு

எடின்பரோவில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க நான் தனியாகப் புறப்பட்டபோது, விமான நிலையத்தில் எல்லார் முன்னாலும் என் வீட்டுக்காரர் சொன்னார்: "அங்க தனியா எங்கயும் போயிராத லா. மால் கார் பார்க்குலயே தொலைஞ்சு நின்னவ நீ."

தொலைந்தது உண்மைதான். ஆனால் அது எந்தக் காலத்துக் கதை! அதற்குப் பிறகு நான் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனையே எடுத்து நடத்திவிட்டேன். அதெல்லாம் அவர் கண்ணில் படாது. எங்கள் ஊரான கோலா சிலாங்கூரில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். உலகத்தில் வழி தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்ற நினைப்பு.

பகலில் மகள் வேலைக்குப் போய்விடுவாள். ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருக்கவா அவ்வளவு தூரம் பறந்து போனேன்? என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். ஓர் இடத்துக்குப் போய் 'செக்-இன்' பொத்தானை அழுத்தினால், அந்த இடத்தின் பெயரும் வரைபடமும் குடும்பத்தார் எல்லாருக்கும் போய்ச் சேரும். அப்பாவின் கைப்பேசியிலும் அதைப் போட்டுவிடும்படி ஊரில் இருக்கும் மகனிடம் சொல்லியிருந்தாள்.

முதலில் வீட்டுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் அழுத்தினேன். அப்புறம் ரொட்டிக் கடை, பூங்கா, நூலகம், துணி துவைக்கும் கடை என்று ஒன்றையும் விடவில்லை. மகள் சிரித்தாள். சிரிக்கட்டும். நான் பிறந்த கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் விடியும் முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, நடக்கும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார். வேலைக்காரர்கள் வரிசையில் நின்று குரல் கொடுக்க வேண்டும். பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. என் அம்மா அந்த வரிசையில் நின்றவர். அவருடைய மகள் நானோ, யாரும் கூப்பிடாமலே, எனக்குப் பிடித்த இடத்தில் நின்று "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல என்ன வெட்கம்?

உறவுக்காரர்கள் பூவும் இதயமுமாக அனுப்பித் தள்ளினார்கள். வீட்டுக்காரரிடமிருந்து மட்டும் ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் தூரமாகப் போனால் வாயைத் திறக்கிறாரா பார்ப்போம் என்று, கடலோர ஊர் ஒன்றுக்கு ரயில் ஏறினேன்.

அவசரத்தில் ஒரு நிலையம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். ரயில் போய்விட்டது. ஆள் இல்லை, கடை இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள்தான் நின்றன. மகளைக் கூப்பிடலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். கூப்பிட்டால் அவள் தம்பிக்குச் சொல்வாள், அவன் அப்பாவுக்குச் சொல்வான், மனிதர் சொன்னது பலித்ததாகிவிடும். அதனால் அந்த நிலையத்தின் பெயரிலேயே செக்-இன் செய்தேன். தொலைந்தவளுக்குத் தான் நிற்கும் இடத்தை ஊருக்குச் சொல்லத் தெரியுமா என்ன?

பிறகு சுவரில் இருந்த நேர அட்டவணையை நிதானமாகப் படித்து, அடுத்த ரயிலில் ஏறிக் கடலுக்குப் போனேன். துறைமுகக் கடையில் பொரித்த மீன் வாங்கித் தின்றேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாசிர் பெனம்பாங் மீனுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனாலும் அன்றைக்கு அதைப் போல ருசி எதிலும் இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு அங்கேயும் அழுத்தினேன்.

மறுநாள் என் நாத்தனார் கூப்பிட்டாள். "அண்ணி, இந்த அண்ணன் தொல்ல தாங்க முடியல. கோப்பிக் கடையில போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் போனக் காட்டுறாரு. என் பொண்டாட்டி தனியா ரயில் ஏறி கடல் பாக்கப் போயிருக்கான்னு ஒரே பேச்சு."

அதை என்னிடம் சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா என்று கேட்டேன். பதில் அனுப்பும் பொத்தான் எதுவென்று அவருக்குத் தெரியாதாம்; மகனிடம் கேட்கக் கௌரவம் விடவில்லையாம். நாத்தனார் சிரித்தாள். எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

திரும்பி வந்து விமானம் இறங்கியதும் கைப்பேசியைத் திறந்தேன். அவருடைய முதல் செக்-இன் வந்திருந்தது: விமான நிலையம், வருகைக் கூடம். நான் ஆகாயத்தில் இருக்கும்போதே அழுத்தியிருக்கிறார். கடைசியில் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ.

நேரில் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. பெட்டியை வாங்கி வேனில் ஏற்றினார். எஞ்சினை முடுக்கிவிட்டு, கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன்.

"வழி சொல்லு," என்றார்.

"ஒங்களுக்குத் தெரியாத வழியா?"

"தெரியும். நீ சொல்லு, நா ஓட்டுறேன்."

கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு போய்ச் சேரக்கூடியவர், அன்றைக்குக் கோலா சிலாங்கூர் வரை, நான் சொன்ன பிறகுதான் ஒவ்வொரு முனையிலும் வண்டியைத் திருப்பினார்.