ஈ பிடித்த இடது கை

எங்கள் வீட்டில் ஈ பிடிப்பது அப்பா ஒருவருக்குத்தான் வரும். சாப்பிடும்போது வலது கை சோற்றில் இருக்கும், இடது கை சும்மா தொடையில் கிடக்கும். இலை ஓரத்தில் ஒரு ஈ உட்கார்ந்து முன்னங்கால்களைத் தேய்க்கத் தொடங்கினால் போதும், அந்தக் கை ஒரு வீச்சு வீசி மூடிக்கொள்ளும். "மேலக்கட்டு வயல்ல மூணு மா நெலத்துக்குத் தண்ணி ஏறலடா" என்று பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் நீட்டிக் கையை விரிப்பார். ஈ பறந்துவிடும். கொன்றதில்லை.

எனக்கு அது வரவில்லை. நாற்பத்தாறு வயதுக்குள் நிறைய ரசக் கிண்ணங்களைக் கவிழ்த்திருக்கிறேன். நான் பிடித்த ஒரே ஈ, என் டீயில் தானாக வந்து விழுந்தது. "ஒன் கை வர்றதுக்குள்ள அது கீழ்வேளூர் போய்ச் சேந்துடும்டா" என்பார் அப்பா.

போன வருஷம் குறுவை அறுப்பு நடக்கும்போது பக்கவாதம் வந்து அவருடைய இடது பக்கத்தை எடுத்துக்கொண்டது. பேச்சு கொஞ்சம் குழறலோடு தப்பியது. கை போட்ட இடத்தில் கிடந்தது. அறுத்துப் போட்ட வைக்கோல் மழையில் நனைந்து அழுக, கொல்லையிலிருந்து ஈ கூட்டமாக வந்தது. மாட்டைக் கடிக்கிற ஈயும் கூடவே வந்தது. கன்னத்தில் உட்கார்ந்தால் வலது கையால் துரத்துவார். இடது கையில் உட்கார்ந்தால் மட்டும் துரத்தமாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார்.

கை கால் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்தவர், பழகின வேலையைக் கையிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவர் துண்டு மடிப்பதையோ டம்ளர் பிடிப்பதையோ நினைத்திருப்பார். என் மூளைக்கு ஈதான் தோன்றியது. மறுநாள் மதியம் அப்பா கண்ணயர்ந்ததும் அவருடைய இடது கை விரல்களில் வெல்லப்பாகைத் தடவினேன். ஈ வந்து மொய்த்தால் பழைய வேகம் திரும்பிவிடும் என்று ஒரு கணக்கு. ஈ வந்தது. ஒரு விரலாவது அசைகிறதா என்று எதிரே உட்கார்ந்து மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். பார்த்தபடியே தூங்கியும் போனேன்.

மனைவியின் குரல்தான் எழுப்பியது. "ஏங்க, மாமா கையப் பாருங்க."

விரலிலிருந்து மணிக்கட்டு வரை சிவப்பெறும்பு. கை தடித்துப் போயிருந்தது. துண்டால் தட்டித் தட்டி விட்டேன். அப்பா விழித்து, பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

"கடிக்குதாப்பா?"

"தெரியலடா." வலது கையால் தடிப்பைத் தடவிப் பார்த்து, "இவ்வளவு கடிச்சும் தெரியலையே" என்றார்.

கை திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டிருந்தது நான் மட்டுமல்ல என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெல்லம் தடவியதைச் சொன்னேன். அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"கைய என்ன அதிரசம்னு நெனச்சியா?"

அதன்பிறகு மதியச் சாப்பாட்டின்போது அவருக்கு இடது பக்கத்தில் என் இடம். துண்டால் ஈ ஓட்டுவேன். "புடி பாப்போம்" என்பார். வீசுவேன், தப்பும். அவருக்கு அதில் ஒரு திருப்தி.

தை மாதம் ஒருநாள் ஈ மாட்டிக்கொண்டது. மூடிய கைக்குள் குறுகுறுவென்று ஓடியது. அப்பா சோறு பிசைவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார்.

"சிக்கிடுச்சா?"

"இல்லப்பா. போயிடுச்சு."

"ஒனக்கு எங்கடா வரும்" என்று அடுத்த கவளத்தை எடுத்தார்.

தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழுந்து, கொல்லைக்குப் போய்க் கையை விரித்தேன். அது உடனே பறக்கவில்லை. உள்ளங்கையில் உட்கார்ந்து முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது.